சிவசைலம் சார் விட்டுப்போன பாரம்

இயற்பியல் துறையின் மாடியில், தன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே சிவசைலம் சார் இறந்துபோன மறுநாள், அவரைச் சிந்துபூந்துறைச் சுடுகாட்டுக்குத் தூக்கிப்போன நாலு பேருக்கும் தோளில் ஒன்றுமே தெரியவில்லை. வெறும் மூங்கிலையும் பச்சை ஓலையையும் சுமந்துபோவதுபோல் இருந்தது என்றும், பாலத்தடியில் காற்று அடித்தபோது பறந்துவிடாமல் ஒரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது என்றும், ஆற்றில் குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள், சொல்லிவிட்டு, மெலிந்த மனுஷன்தானே என்று அதோடு விட்டுவிட்டார்கள்.

பாரம் எங்கே தங்கியிருக்கிறது என்பது ஐந்தாம் நாள் தெரிந்தது. அலுவலக உதவியாளர் இசக்கி சாருடைய 214-ஆம் எண் அறையைப் பெருக்க வந்து, நாற்காலியைச் சற்று நகர்த்திவிட்டு அடியில் பெருக்கலாம் என்று கை வைத்தார். நாற்காலி அசையவில்லை. பிரம்பு பின்னிய பழைய இரும்பு நாற்காலி அது. இத்தனை வருஷமும் ஒரு விரலால் இழுத்துப் போட்டுப் பெருக்கியதுதான். இசக்கி விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு இரண்டு கையாலும் இழுத்தார், பிறகு முதுகைக் கொடுத்துத் தள்ளினார், பிறகு பக்கத்து அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த ஹெப்சிபாவைக் கூப்பிட்டார். ஹெப்சிபா வந்து நாற்காலியின் முதுகில் கை வைத்துப் பார்த்தாள். ஆள் உட்கார்ந்திருக்கிற நாற்காலியைத் தொடுவதுபோல் இருந்தது.

"இருக்கட்டும் இசக்கி, சுத்திப் பெருக்கிருங்க" என்றாள்.

இசக்கி அப்படியே சுற்றிப் பெருக்கினார்.

அடுத்த இரண்டு வாரத்தில் அந்த நாற்காலியை இழுத்துப் பார்க்காதவர் பல்கலைக்கழகத்திலேயே இல்லை என்றாயிற்று. விளையாட்டுத் துறையிலிருந்து பளு தூக்கும் பிள்ளைகள் வந்தார்கள், பாளை மார்க்கெட்டிலிருந்து வடக்கயிற்றோடு சுமைக்காரர்கள் வந்தார்கள், பொறியியல் பிரிவுக்காரர்கள் லாரிப் பட்டறையிலிருந்து ஜாக்கியும் எடை காட்டும் கருவியும் கொண்டுவந்து நாற்காலியை ஒரு விரற்கடை உயரத்துக்கு எழுப்பினார்கள், கருவி முந்நூற்று அறுபது கிலோ காட்டியது, ஆனால் வாசல் பக்கம் இழுத்தபோது ஜாக்கிதான் வழுக்கிக்கொண்டு போனதே தவிர நாற்காலி தன் இடத்தை விட்டு வரவில்லை. ஏன் என்று கேட்டவர்கள் குறைவு. இதை வைத்துக்கொண்டு எப்படிப் புழங்குவது என்று கேட்டவர்கள்தான் அதிகம். கீழே 114-ஆம் அறை எம்.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு வகுப்பு. கூரை தாங்குமோ என்னவோ என்று அங்கே ஆறு சவுக்குக் கம்புகளை முட்டுக் கொடுத்து நிறுத்தினார்கள், ஒரு வாரத்தில் பிள்ளைகள் அந்தக் கம்புகளில் ஆணி அடித்துப் பையும் சாப்பாட்டுக் கூடையும் மாட்டத் தொடங்கினார்கள், வருகை எடுக்கும்போது கம்புக்குப் பின்னால் இருக்கிற பிள்ளை தலையை நீட்டி உள்ளேன் சொல்லப் பழகிக்கொண்டது. தளவாடம் சரிபார்க்க வந்த அதிகாரி பதிவேட்டில், நாற்காலி ஒன்று, இருப்பு உண்டு, நகர்த்த இயலாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பரீட்சை நாளில் பிள்ளைகள் வரிசையாக வந்து நாற்காலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். யாரோ மஞ்சள் துணி சுற்றினார்கள், யாரோ மெழுகுவர்த்தி வைத்தார்கள், துறைத்தலைவர் மீரான் சார் இரண்டையும் பார்த்துவிட்டு, தீப்பிடிக்கிற சாமான் மட்டும் வேண்டாம் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். நாங்குநேரி பஸ்ஸின் கண்டக்டர் பல்கலைக்கழக நிறுத்தத்தை நாற்காலி நிறுத்தம் என்று கூவ ஆரம்பித்ததும், அந்தப் பெயரே நிலைத்துப்போனது.

இவ்வளவும் நடந்துகொண்டிருக்கையில் ஹெப்சிபா வேளாவேளைக்கு வகுப்புக்குப் போனாள், விடைத்தாள் திருத்தினாள், ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பாடகர் குழுவில் நின்று பாடினாள். அவளுக்கு நாற்பத்தாறு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை; அதைப் பற்றி வருத்தமும் இல்லை. சிவசைலம் சார் இறந்த அன்று அவள் அழவில்லை, பதினாறாம் நாள் வீட்டில் இலை போட்டபோதும் அழவில்லை. ஒருநாள் விரலில் கொப்புளம் ஒன்று இருப்பதைப் பார்த்தாள்; காலையில் குக்கர் மூடியைத் தொட்டது அப்போதுதான் அவள் நினைவுக்கு வந்தது. வலித்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

பத்தொன்பது வருஷமாக அவர்கள் இருவரும் ஒரே கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தவர்கள். அணுவைவிடச் சின்னதாக, புரோட்டானைப்போல ஐந்தரை மடங்குக்கும் மேலே கனமான ஒரு துகள் இருக்கிறது, பி மெசான் என்று பெயர். ஒரு நொடியை லட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் ஒன்றரைப் பங்கு நேரம் உயிரோடு இருக்கும், பிறகு சிதைந்து லேசான துகள்களாகப் போய்விடும். எப்படியெல்லாம் சிதையலாம், எந்த வழி எத்தனை தடவைக்கு ஒரு தடவை நடக்கும் என்று தாளில் கணக்கிட்டுச் சொல்வது அவர்கள் தொழில். அவர்கள் எடுத்துக்கொண்டது அபூர்வமான ஒரு வழி, பத்து லட்சம் தடவையில் ஐந்து தடவை நடந்தால் பெரிசு; அதில் மூன்று துகள் வெளியே வரும், ஒன்றுதான் கருவியில் தெரியும், மற்ற இரண்டும் எதிலும் படாமல் எதையும் தொடாமல் பூமியையே துளைத்துக்கொண்டு போய்விடும், அவை கொண்டுபோனது எவ்வளவு என்பதைத் மொத்தத்தில் குறைவதை வைத்துத்தான் சொல்ல வேண்டும். அந்தத் துகளுக்குள் குவார்க் என்று இரண்டு துணுக்குகள் உண்டு, சிதைவது கனமான குவார்க். அதோடு கூட இருக்கிற லேசான குவார்க் எதுவும் செய்வதில்லை, பக்கத்தில் இருக்கும், அவ்வளவுதான், அதற்குப் பார்வையாளர் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். கனமான குவார்க்கின் கணக்கு சிவசைலம் சாருடையது, லேசானது ஹெப்சிபாவுடையது. ஏழு வருஷத்துக்கு முன்னால் இருவரும் சேர்ந்து ஒரு எண்ணைச் சொன்னார்கள். வெளிநாட்டு ஆய்வுக்கூடத்தில் அளந்தபோது வேறு எண் வந்தது. இவர்கள் எண்ணில் பிசகு இல்லையென்றால் இயற்கையில் இதுவரை யாரும் அறியாத ஏதோ ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். அந்த எண்ணுக்காக அவர்களை ஊர் ஊராகக் கூப்பிட்டார்கள். சிவசைலம் சார் ஐம்பத்திரண்டாவது வயதில் முதல்முறையாக ஒரு கோட்டுத் தைத்துக்கொண்டார்.

ஐப்பசி மூன்றாம் தேதி மத்தியானம் மூன்றரை மணிக்கு, அவருடைய பழைய நோட்டில், ஒரு பக்கத்தின் கடைசி வரியிலிருந்து அடுத்த பக்கத்தின் முதல் வரிக்குப் போகிற இடத்தில் ஒரு கழித்தல் குறி விடுபட்டிருப்பதை ஹெப்சிபா கண்டுபிடித்தாள். அதைப் போட்டுக் கணக்கை நடத்தினால் அவர்கள் எண்ணும் ஆய்வுக்கூடத்து எண்ணும் ஒன்றாகிவிட்டன. இயற்கையில் புதிதாக ஒன்றுமில்லை. அவள் நோட்டை எடுத்துக்கொண்டுபோய் அவர் மேசையில் விரித்து, பென்சிலால் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டிக்கொண்டார்.

"சரி, பாக்கேன்" என்றார்.

அவ்வளவுதான் பேச்சு. அவள் தன் அறைக்கு வந்துவிட்டாள். நாலு பத்துக்கு இசக்கி டீ கொண்டுபோனபோது அவர் உயிரோடு இல்லை.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவர் மேசையிலிருந்து எடுத்துவந்த நோட்டு அவள் மேசை இழுப்பறையில் இருந்தது. ஆய்விதழுக்குத் திருத்தம் எழுதி அனுப்ப வேண்டியது ஒரு பக்கம்தான். கணினியைத் திறப்பாள், முதல் வரியைத் தட்டுவாள், அதற்குள் வகுப்புக்கு மணி அடித்துவிடும்.

வெள்ளிக்கிழமைதோறும் சிவசைலம் சாரின் மனைவி ஆவுடையம்மாள் பத்து மணி பஸ்ஸில் வந்து இறங்குவாள். நாற்காலிக்கு எதிரே ஸ்டூல் போட்டுக்கொண்டு கீரை ஆய்வாள், அல்லது பூக் கட்டுவாள், ஒருமணி ஆனதும் கிளம்பிவிடுவாள். நாற்காலியில் அவள் உட்கார்ந்து பார்த்ததில்லை. வேண்டுதலுக்கு வருகிறவர்கள் அவள் இருக்கும்போது வெளியே நிற்பார்கள். தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஆய்ந்த கீரையை முறத்தில் பரப்பிக்கொண்டே, ஹெப்சிபாவை உள்ளே கூப்பிட்டுக் கேட்டாள்.

"ஏளா ஹெப்சி, கனமானது லேசாப் போறதத்தானே நீங்க ரெண்டு பேரும் படிச்சிய. இது எப்பம் போவும்?"

ஹெப்சிபா தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். ஆயிரம் துகள் இருந்தால் எவ்வளவு நேரத்தில் எத்தனை சிதையும் என்று சொல்லலாம், ஒரே ஒரு துகள் எப்போது சிதையும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதைவிட, ஒரு துகளுக்கு வயசாவது என்பதே கிடையாது, ரொம்ப நேரம் இருந்துவிட்டதே இனிச் சீக்கிரம் போய்விடும் என்று நினைக்க வழியில்லை, இந்த நிமிஷம் பிறந்ததும் ரொம்ப நாளாக இருக்கிறதும் அடுத்த நிமிஷத்தில் போவதற்கு ஒரே அளவு வாய்ப்புத்தான் என்று சொன்னாள்.

ஆவுடையம்மாள் முறத்தை ஓரமாக வைத்தாள்.

"அப்பம் காத்துக்கிடந்ததுக்குக் கணக்கே கெடையாது."

"கெடையாதுக்கா."

"அவுகளும் இதத்தான் சொல்லுவாவ" என்றாள் ஆவுடையம்மாள். பிறகு ஒருமணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள், அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்தாள்.

ஆனி மாதம் புதிதாக ஒரு விரிவுரையாளரை நியமிக்கப்போவதாகவும், 214-ஆம் அறை அவருக்கு வேண்டும் என்றும், நாற்காலியைக் கேஸ் வைத்து வெட்டி எடுத்துவிடலாம் என்றும் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. கூட வேலை பார்த்தவர் என்கிற முறையில் ஆட்சேபம் இல்லை என்று ஹெப்சிபா ஒரு கையெழுத்துப் போட வேண்டும். மீரான் சார் தாளை நீட்டி, நீங்கள் மாட்டேன் என்றால் நான் திருப்பி அனுப்பிவிடுவேன் என்று மெதுவாகச் சொன்னார். ஹெப்சிபா பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அன்றைக்குச் சாயங்காலம் ஆவுடையம்மாளுக்குப் போன் செய்து, கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்றும் சொன்னாள். அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாயை மூடுகிற சத்தம் கேட்டது, பிறகு சரி என்று சொல்லி ஆவுடையம்மாள் வைத்துவிட்டாள்.

வெட்டுகிற ஆள் வந்து, கண்ணாடி மாட்டிக்கொண்டு, முதலில் வலதுபக்கக் கையை அறுத்தார். அறுபட்ட கை சாதாரண இரும்புக் கம்பியாகக் கீழே விழுந்து உருண்டது. அப்போதும் நாற்காலியை அசைத்துப் பார்த்தார்கள், அசையவில்லை. ஜாக்கியை வைத்து மறுபடி எடை பார்த்தார்கள், முந்நூற்று அறுபது கிலோவில் ஒரு கிலோகூடக் குறையவில்லை. வெட்டுகிறவர் கண்ணாடியைக் கழற்றினார். நாற்காலியை எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டித் தருகிறேன், பாரம் தரையில் அப்படியே இருக்கும், அப்புறம் தெரியாமல் யாராவது தடுக்கி விழுவீர்கள், நாற்காலி இருந்தாலாவது ஆட்களுக்குப் பார்த்து நடக்கத் தெரியும் என்றார். அதிலிருந்த நியாயம் எல்லோருக்கும் பட்டது. புதிய விரிவுரையாளருக்கு நூலகத்தில் ஒரு மூலையைத் தடுத்துக் கொடுத்தார்கள்.

புரட்டாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பத்து ஐம்பதுக்கு, பூஜையும் இல்லை ஜெபமும் இல்லை, வாசலில் ஒரு ஆளும் இல்லை, இசக்கி தூசி தட்டுகையில் துணி பட்டு நாற்காலி கிறீச்சென்று ஒரு சாண் தள்ளிப்போனது. ஹெப்சிபா அப்போது கேண்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்திலேயே மற்ற இடங்களில் பாரம் ஏறியிருந்தது. இசக்கியின் இடுப்பிலிருந்த சாவிக்கொத்து வேட்டியோடு சேர்த்து இழுத்துக்கொண்டு கீழே போனது. கேண்டீன் மாஸ்டர் சாம்பார் அகப்பையை அண்டாவிலிருந்து எடுக்க முடியாமல் இரண்டு கையால் பிடித்தார். மீரான் சாருக்கு மூக்குக் கண்ணாடி மூக்கில் பள்ளம் போட்டது. 114-ஆம் அறையில் முன்வரிசைப் பெண் ஒருத்திக்குச் சடை கனத்து, யாரோ பின்னாலிருந்து இழுப்பதுபோல் தலை நிமிர்ந்துபோனது. நூலகத்தில் ஒரு அகராதி, வாசலில் காவலாளியின் விசில், நாங்குநேரி பஸ்ஸில் ஸ்டியரிங் சக்கரம் என்று அன்று மாலைக்குள் பதினேழு பேர் வந்து சொன்னார்கள். யாரும் பயப்படவில்லை. சார்தான் பிரிந்து வந்திருக்கிறார் என்பதில் அவர்களுக்குச் சந்தேகம் இல்லை. அந்தப் பெண் சடையைக் கொண்டையாகப் போட்டுக்கொண்டாள், முதல் வாரம் கழுத்து வலித்தது, மறுவாரம் பழகிவிட்டது என்றாள், அதற்கு மறுவாரம் வெட்டிக்கொள்ளச் சொன்ன அம்மாவிடம் மாட்டேன் என்று சண்டை போட்டாள்.

ஹெப்சிபா அரிசி மில்லிலிருந்து எடை மேடை ஒன்றை வரவழைத்து, பதினேழு பேரையும் ஒவ்வொருவராக நிறுத்தி, கூடியிருப்பது எவ்வளவு என்று எழுதினாள். அவளை யாரும் செய்யச் சொல்லவில்லை. வேறு என்ன செய்வது என்றும் அவளுக்குத் தெரியவில்லை. பஸ் சக்கரத்தை மட்டும் பணிமனைக்குப் போய்க் கழற்றி எடை போட்டாள். எல்லாம் கூட்டினால் முந்நூற்றுப் பத்தொன்பது கிலோ வந்தது. நாற்பத்தொரு கிலோவைக் காணோம். மீரான் சார் மறுபடி எடை போடச் சொன்னார், மறுபடி போட்டாள், அதே நாற்பத்தொன்று. இன்னும் சொல்லாமல் யாராவது இருக்கிறீர்களா என்று அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டார்கள். ஒருவரும் வரவில்லை. ஹெப்சிபா தானும் மேடையில் ஏறிப் பார்த்தாள். முள் எப்போதும் காட்டுகிற இடத்தில் நின்றது.

அந்த வெள்ளிக்கிழமை ஆவுடையம்மாள் வந்து, நாற்காலியை வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்று கேட்டாள். பதிவேட்டில் அடித்துத் திருத்தி அனுமதி கொடுத்தார்கள். இசக்கி தூக்க வந்தபோது, வேண்டாம், நாங்கள் கொண்டுபோகிறோம் என்று ஹெப்சிபா சொன்னாள். ஒற்றைக் கை நாற்காலி. ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டாள், ஒருத்தி முதுகைப் பிடித்துக்கொண்டாள். பாரமே இல்லை. ஆனாலும் படி திரும்புகிற இடம் வந்ததும் இரண்டு பேரும், பேசி வைத்துக்கொண்டதுபோல், கீழே வைத்தார்கள். கீழே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துவிட்டு, இன்ஜினை அணைத்தார்.

"எவ்வளவு கொறையுதாம்?" என்று ஆவுடையம்மாள் கேட்டாள்.

"நாப்பத்தொண்ணு."

"எங்க வீட்டுல ஒண்ணும் கூடல. அடுப்படில சொம்பு தம்ளரு எல்லாத்தையும் தூக்கித் தூக்கிப் பாத்தேன். எல்லாம் அது அதுபடிதான் இருக்கு."

"எனக்கும் இல்லக்கா."

ஆவுடையம்மாள் சேலை முந்தியால் நாற்காலியின் பிரம்பைத் துடைத்தாள். அறுத்த இடத்தில் இரும்பு கூர்மையாக நீட்டிக்கொண்டிருந்தது, அதில் விரல் படாமல் துடைத்தாள். ஹெப்சிபா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பதினொரு மாதமாக வாய்க்குள் இருந்ததை, வகுப்பில் பாடம் சொல்கிற அதே குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னாள்: அன்றைக்கு மூன்றரைக்கு நான்தான் நோட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன், ஒரு கழித்தல் குறி விட்டுப்போயிருந்தது, ஏழு வருஷமாக ஊர்பூராவும் சொன்ன எண் தப்பு என்று சொன்னேன், நாலு பத்துக்கு அவர் இல்லை, இடையில் நாற்பது நிமிஷம் அவர் அந்த நாற்காலியில் என்ன நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று எனக்குத் தெரியாது, நாளைக்குக் காட்டியிருக்கலாம், காட்டாமலேகூட இருந்திருக்கலாம்.

ஆவுடையம்மாள் துடைப்பதை நிறுத்தவில்லை. கீழ்மாடியில் ஏதோ வகுப்பு முடிந்து பெஞ்சுகள் நகர்ந்தன, பிள்ளைகள் படியேறி வந்து, இருவரையும் பார்த்ததும் பேச்சைக் குறைத்து ஒதுங்கிக் கடந்து போனார்கள்.

"மூணே முக்காலுக்கு எனக்குப் போன் பண்ணுனாவ" என்றாள் ஆவுடையம்மாள்.

ஹெப்சிபா நிமிர்ந்து பார்த்தாள்.

"மழ வாற மாதிரி இருக்கு, கொடியில கெடக்க துணிய எடுத்துருன்னு சொன்னாவ."

"வேற?"

"வேற ஒண்ணும் சொல்லல."

"கொரல் எப்படி இருந்துச்சுக்கா?"

ஆவுடையம்மாள் யோசித்தாள். யோசித்து, பொய் சொல்லாமல் சொன்னாள்.

"துணிய எடுன்னு சொல்லுத கொரல்தான்."

ஹெப்சிபா சுவரிலிருந்து கையை எடுத்தாள். விரலெல்லாம் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே, "எடுத்தியளா?" என்று கேட்டாள்.

"எடுத்தேன். மடிச்சும் வச்சேன்" என்றாள் ஆவுடையம்மாள். "மழதான் வரல."

பிறகு முந்தியை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்து நாற்காலியின் கையைப் பிடித்தாள். அந்தப் பக்கம் இரும்பு நீட்டிக்கிட்டு இருக்கு, பாத்துப் பிடி என்றாள். ஹெப்சிபா பார்த்துப் பிடித்தாள். மீதிப் படிகளை இருவரும் ஒவ்வொன்றாக இறங்கினார்கள்.